கருக்கலைப்பு எதிர்ப்புப் போராட்டங்களால் அரசின் கொள்கையை மாற்ற முடியுமா?

#1 நிலவன்

வாஷிங்டனில் ஒவ்வொரு ஜனவரியும் கருக்கலைப்புக்கு எதிரான பேரணி நடக்கிறது. கருக்கலைப்பை உரிமையாக அங்கீகரித்த ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது 1973 ஜனவரி 22. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே தேதியில் முதல் பேரணி. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்தபோது, பேரணி போனவர்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

எனக்கு அதில்தான் சந்தேகம். நாற்பத்தெட்டு வருடம் ஊர்வலம் போனதால் தீர்ப்பு மாறியதா, இல்லை டிரம்ப்புக்கு மூன்று நீதிபதிகளை நியமிக்கும் வாய்ப்பு அமைந்ததால் மாறியதா? ரோ தீர்ப்பை ஆதரித்த நீதிபதி கின்ஸ்பர்க் 2020 செப்டம்பரில் இறந்தார். இன்னும் நான்கைந்து மாதம் இருந்திருந்தால் அவர் இடத்தை பைடன் நிரப்பியிருப்பார், ரோ தீர்ப்பும் தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் தெருவில் நின்றவர்களுக்கு இதில் என்ன பங்கு?

#2 கரிகாலன்77

அந்த மூன்று பேரை டிரம்ப் சும்மா பொறுக்கி எடுக்கவில்லையே. 2016 மே மாதமே யாரையெல்லாம் நியமிப்பேன் என்று பட்டியல் போட்டுக் காட்டினார். செப்டம்பரில் கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதியே வாக்குக் கொடுத்தார். 1999-இல் டிவி பேட்டியில் "நான் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவன்" என்று சொன்ன மனிதர் இவர். அவரை அப்படி ஒரு கடிதம் எழுத வைத்தது யார்?

#3 நெறியாளர்

ஒரே ஒரு வேண்டுகோள். கருக்கலைப்பு சரியா தவறா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே போராட்டத்துக்குப் பலன் உண்டா என்பதை மட்டும் பேசுவோம். இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறீர்கள், நாகரிகமாகப் போகட்டும்.

#4 சட்டப்பித்தன்

நிலவன், உங்கள் கேள்விக்கு 1992-இலிருந்து தொடங்குகிறேன். அந்த வருடம் பென்சில்வேனியா மாநிலத்தின் கருக்கலைப்புக் கட்டுப்பாடுகளை எதிர்த்து கேஸி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது ரோ தீர்ப்பு ஒழிந்தது என்றுதான் இரு தரப்பும் நினைத்தன. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். மிச்சமிருந்த ஒயிட்டை நியமித்தது ஜனநாயகக் கட்சியின் அதிபர் கென்னடி. ஆனால் அவர் 1973-லேயே ரோவுக்கு எதிராகத் தீர்ப்பெழுதியவர். கணக்கு இவ்வளவு சாதகமாக இருந்தும் ஐந்துக்கு நான்கு என்று ரோவின் மையக் கருத்து தப்பியது.

தப்ப வைத்த ஐவரில் மூவர் (நீதிபதிகள் ஓகானர், ஆந்தனி கென்னடி, சூட்டர்) சேர்ந்து எழுதிய பகுதியைப் படித்துப் பாருங்கள். அரசியல் நெருக்கடி கொதிக்கும்போது, மிக வலுவான காரணம் இல்லாமல் பழைய தீர்ப்பை மாற்றினால், மிரட்டலுக்குப் பணிந்ததாகத்தான் மக்கள் நினைப்பார்கள், நீதிமன்றத்தின் மதிப்பே போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதாவது வெளியே கூச்சல் அதிகமாக இருந்ததே தீர்ப்பை மாற்றாமல் இருக்க ஒரு காரணமாகிவிட்டது!

அதனால் "பேரணியைப் பார்த்து நீதிபதிகள் மனம் மாறினார்கள்" என்ற கதையை நான் நம்புவதில்லை. நேரடித் தாக்கம் என்று பார்த்தால் எதிர்த்திசையில்தான் வேலை செய்திருக்கிறது.

ஆனால் சட்டமன்றங்களில் கதை வேறு. ரோ வந்து மூன்றே வருடத்தில், 1976-இல், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்று ஹைட் திருத்தம் நிறைவேறியது. 1980-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஜனநாயகக் கட்சி ஆட்சிகளிலும் அது வருடா வருடம் பட்ஜெட்டோடு நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருந்தது, கையில் காசில்லாத பெண்களுக்கு அது எட்டவில்லை. பெரிதாகப் பேசப்படாத வெற்றி இது.

#5 நிலவன்

கேஸி விஷயம் எனக்குப் புதிது. அப்படியானால் போராட்டம் அவர்களுடைய காரியத்தைத் தள்ளிப் போட்டது என்றுகூடச் சொல்லலாமா?

#6 சட்டப்பித்தன்

அந்த அளவுக்குப் போக மாட்டேன். கேஸிக்குப் பிறகு அவர்கள் பாடம் படித்தார்கள். "இனி ஒரு சூட்டர் வேண்டாம்" என்பது கட்சிக்குள் கோஷமாகவே ஆனது. யார் என்ன எழுதியிருக்கிறார், எந்தச் சட்டச் சங்கத்தில் இருந்தார் என்றெல்லாம் துருவிப் பார்த்துத்தான் அப்புறம் ஆள் எடுத்தார்கள். முன்பு நேரடியாக அரசியல் சட்டத்தையே திருத்திவிடலாம் என்று முயன்று பார்த்ததும் உண்டு. 1983-இல் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்த ஹேட்ச் திருத்தத்துக்குத் தேவை 67 வாக்குகள், கிடைத்தது 49. அந்தக் கதவு மூடியதால்தான் நீதிபதி நியமனம் என்ற நீண்ட வழிக்குப் போனார்கள்.

#7 மெழுகுவர்த்தி

நான் கருக்கலைப்பை எதிர்ப்பவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனாலேயே இந்த இயக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் ஊன்றிப் படித்திருக்கிறேன். வாஷிங்டன் பேரணியை விட்டுவிட்டு கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தைப் பாருங்கள்.

1991 ஜூலையில் ஆபரேஷன் ரெஸ்க்யூ என்ற அமைப்பு அங்கே மறியல் தொடங்கியது. ஒரு வாரம் என்றுதான் திட்டம். அந்த முதல் வாரம் கிளினிக்குகள் தாமாகவே மூடிக்கொண்டன. பிரச்சினை தானாக ஓய்ந்துவிடும் என்ற கணக்கு. போராட வந்தவர்களுக்கோ "நாம் வந்தால் மூடுகிறார்கள்" என்று தெம்பு வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தது. கிளினிக் வாசலில் படுத்துக்கொண்டார்கள், கார்களுக்கு அடியில் போனார்கள், தூக்கிப்போட்டால் திரும்ப வந்தார்கள். 2,600-க்கும் மேற்பட்ட கைதுகள். ஃபெடரல் நீதிபதி பாட்ரிக் கெல்லி தடையாணை போட்டு, மார்ஷல்களை வரவழைத்து வாசலைத் திறக்க வைத்தார். கடைசியில் ஒரு ஸ்டேடியத்தில் பல்லாயிரம் பேர் கூடிய கூட்டத்தோடு முடிந்தது.

அன்றைய கணக்கில் தோல்விதான். ஒரு கிளினிக்கும் நிரந்தரமாக மூடவில்லை. ஆனால் அந்த ஆறு வாரத்தில் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட உள்ளூர்க்காரர்கள் அடுத்த வருடமே குடியரசுக் கட்சியின் அடிமட்டக் குழுப் பதவிகளுக்கு நின்றார்கள். இந்தப் பதவிகளுக்குப் பொதுவாக யாரும் போட்டியிடுவதே இல்லை. பல இடம் காலியாகவே கிடக்கும். வார்டு வார்டாகப் பிடித்து மாவட்டக் கட்சியையே கைக்குள் கொண்டுவந்தார்கள். 1994-இல் அந்தத் தொகுதியில் பதினெட்டு வருடம் எம்.பி.யாக இருந்த டான் கிளிக்மனைத் தோற்கடித்து டாட் டியார்ட்டை காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தது இதற்குப் பிறகுதான்.

இதற்குப் பெயர் தாக்கம் இல்லையென்றால் வேறு எதைச் சொல்வது?

#8 தேன்சிட்டு

மெழுகுவர்த்தி அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கதையின் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

விச்சிட்டா மறியலின் முக்கிய இலக்கு டாக்டர் ஜார்ஜ் டில்லரின் கிளினிக். அவரை 2009 மே 31 அன்று, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் வைத்தே சுட்டுக் கொன்றான் ஒருவன். அதற்கு முன்னால் 1993 மார்ச்சில், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், கிளினிக் வாசலில் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது டாக்டர் டேவிட் கன்னைச் சுட்டுக் கொன்றார்கள். கன் கொலைக்கு அடுத்த வருடம், 1994 மே மாதம், ஃபேஸ் சட்டம் வந்தது. அதன்படி வன்முறையே இல்லாமல் வாசலை மறித்தாலும் ஃபெடரல் குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. வன்முறை இருந்தால் இன்னும் அதிகம். அதோடு பெருங்கூட்ட மறியல்கள் ஓய்ந்தன.

போராட்டம் பொதுக் கொள்கையை மாற்றும் என்பதற்கு இதுவும் உதாரணம்தானே? போராடியவர்களுக்கு எதிரான சட்டம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

#9 மெழுகுவர்த்தி

கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை, இயக்கத்தின் பெரும்பான்மையும் நியாயப்படுத்தவில்லை. டில்லர் கொலையைப் பெரிய அமைப்புகள் எல்லாம் அன்றே கண்டித்தன. ஆனால் நீங்கள் சொல்வது உண்மைதான், சாத்வீகமாக வாசலில் உட்கார்ந்தவர்களும் அந்தச் சட்டத்தில் சேர்ந்தே மாட்டினார்கள்.

#10 கணக்கன்

விச்சிட்டா கதையை 1994-இல் நிறுத்திவிட்டீர்கள். 2022 வரை இழுத்துக்கொண்டு வாருங்கள்.

கன்சாஸ் மாநில அரசியல் சட்டமே கருக்கலைப்பு உரிமையைக் காக்கிறது என்று 2019-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை முறியடிக்க ஒரு திருத்தம் கொண்டுவந்து, 2022 ஆகஸ்ட் 2-இல் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். ரோ ரத்தாகி ஆறு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் பொதுத்தேர்தலை விட்டுவிட்டு, கூட்டம் குறைவாக வரும் ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தலைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்காது. கூட்டம் திரண்டு வந்தது. 59 சதவீதம் பேர் திருத்தம் வேண்டாம் என்றார்கள். விச்சிட்டா இருக்கும் செட்ஜ்விக் மாவட்டத்திலும் "வேண்டாம்"தான் ஜெயித்தது.

மிசிசிப்பி இன்னும் வேடிக்கை. ரோவைக் கவிழ்த்த டாப்ஸ் வழக்கு மிசிசிப்பியின் 15 வாரச் சட்டத்தைப் பற்றியது. அதே மாநில மக்களிடம் 2011-இல், கருவுற்ற கணத்திலிருந்தே கருவை மனிதராக அறிவிக்கலாமா என்று கேட்டபோது சுமார் 58 சதவீதம் பேர் கூடாது என்று வாக்களித்தார்கள். கொலராடோவில் இதே மாதிரி யோசனை 2008, 2010, 2014 என்று மூன்று முறை தோற்றது. டாப்ஸுக்குப் பிறகு ஒஹாயோவில் 2023-இல் கருக்கலைப்பு உரிமை 57 சதவீதத்தில் ஜெயித்தது. ஃபுளோரிடாவில் 2024-இல் அதே 57 கிடைத்தும் அங்கே 60 தேவை என்பதால் தோற்றது.

ஆக, சட்டமன்றத்தில் ஜெயிப்பவர்கள் வாக்குச்சீட்டில் கேள்வியாகவே வைத்தால் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

#11 நிலவன்

இதுதான் எனக்குப் புரியாத இடம். மக்கள் அந்தப் பக்கம் இல்லையென்றால் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் மட்டும் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறார்கள்?

#12 சட்டப்பித்தன்

எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பதைவிட, எத்தனை பேர் அதற்காக மட்டுமே வாக்கை மாற்றுவார்கள் என்பதுதான் அரசியல்வாதிக்கு முக்கியம். நூறு பேரில் அறுபது பேர் கருக்கலைப்பு உரிமையை லேசாக ஆதரிக்கலாம். அவர்கள் வாக்களிக்கும்போது வரி, வேலை, போர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பத்துப் பேர் இந்த ஒன்றை மட்டும் பார்த்து, அதுவும் யாருமே வராத உட்கட்சித் தேர்தலுக்கும் தவறாமல் வந்து வாக்களித்தால், எந்த உறுப்பினரும் அந்தப் பத்துப் பேருக்குத்தான் பயப்படுவார். பொதுவாக்கெடுப்பில் மற்ற விஷயங்கள் எல்லாம் விலகிப்போய் அந்த ஒரு கேள்வி மட்டும் நிற்கும். அங்கே அறுபது அறுபதாகவே விழும்.

இது முதன்முதலில் பளிச்சென்று தெரிந்தது 1978 அயோவாவில். ஜனநாயகக் கட்சியின் செனட்டர் டிக் கிளார்க் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்தார். தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களின் கார் நிறுத்துமிடங்களில் அவருக்கு எதிராகத் துண்டறிக்கை விநியோகித்தார்கள். அவர் தோற்றார். அந்த அறிக்கைகள்தான் காரணமா என்று இன்றும் வாதிடலாம், ஆனால் வாஷிங்டனில் இருந்த எல்லா அரசியல்வாதிகளும் அப்படித்தான் என்று நம்பினார்கள். அவர்கள் நம்பினாலே போதுமே.

இன்னொன்று. குடியரசுக் கட்சி எப்போதுமே கருக்கலைப்புக்கு எதிரி என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். ரோவில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிளாக்மன், நிக்சன் நியமித்தவர். தென்னகப் பாப்டிஸ்டுகளின் மாநாடு 1971-இல் சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது! முதலில் இதை எதிர்த்துக் களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1980-க்குள் பாப்டிஸ்டுகளும் மாறினார்கள், கட்சியின் தேர்தல் அறிக்கையும் மாறியது. ஒரு பெரிய கட்சியின் நிலைப்பாட்டையே சில ஆண்டுகளில் திருப்பிவிட்டதை, டாப்ஸ் தீர்ப்பைவிடப் பெரிய சாதனையாக நான் பார்க்கிறேன்.

#13 கரிகாலன்77

எல்லாம் சரி, ஆனால் இது முழுக்க அமெரிக்கக் கதை. நீதிபதி நியமனமே அரசியலாக இருக்கும் நாடு. மற்ற நாடுகளில் இது எடுபடுமா?

#14 தேன்சிட்டு

அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் மிகப் பெரிய வெற்றியும் மிகப் பெரிய தோல்வியும் ஒரே நாட்டில், 35 வருட இடைவெளியில்.

1981-இல் அங்கே கருக்கலைப்பு ஏற்கனவே குற்றம்தான், 1861-ஆம் வருடச் சட்டப்படி. யாரும் அதை மாற்றும் நிலையிலும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் நீதிமன்றம் செய்ததை நம் நீதிமன்றமும் செய்துவிடுமோ என்று பயந்த ஒரு சிறு குழு, தடையை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கிளம்பியது. அவர்களுக்குக் காலம் கைகொடுத்தது. 1981–82-இல் பதினெட்டு மாதத்துக்குள் மூன்று பொதுத்தேர்தல்கள். இரண்டு பெரிய கட்சித் தலைவர்களும் (ஹாகி, ஃபிட்ஸ்ஜெரால்ட்) ஒவ்வொரு வாக்குக்கும் தவித்துக்கொண்டிருந்தார்கள். இருவரிடமும் வாக்குறுதி வாங்கிவிட்டார்கள். 1983 செப்டம்பரில் எட்டாவது திருத்தம் 67 சதவீத ஆதரவோடு நிறைவேறியது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். திருத்தத்தில் கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று எழுதியிருந்தது. வாசகம் தெளிவாக இல்லை, எதிர்பாராத விளைவு வரலாம் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் பீட்டர் சதர்லண்ட் அன்றே எச்சரித்தார். கேட்கவில்லை. 1992-இல் வல்லுறவால் கர்ப்பமான 14 வயதுச் சிறுமி இங்கிலாந்து போய்விடாமல் அரசே தடையாணை வாங்கியது. நாடே கொதித்தது. உச்ச நீதிமன்றம் அதே திருத்தத்தை வைத்தே, தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், தற்கொலை ஆபத்து உட்பட, கருக்கலைப்பு செல்லும் என்றது. தடையைப் பூட்ட எழுதிய வாசகமே முதல் அனுமதியைத் திறந்துவிட்டது.

2012 அக்டோபரில் கால்வேயில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். 17 வாரக் கர்ப்பம், கரு பிழைக்காது என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள். செப்சிஸ் என்ற கடும் தொற்று உயிரைப் பறித்தது. அவர் பெயர் சொல்லி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுவருடம் ஒரு வரையறுக்கப்பட்ட சட்டம், பிறகு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடிமக்கள் மன்றத்தில் பல மாத விவாதம், 2018 மே 25-இல் பொதுவாக்கெடுப்பு. 66.4 சதவீதம் பேர் எட்டாவது திருத்தத்தை நீக்கினார்கள். சேர்த்தபோது இருந்த அதே அளவு பெரும்பான்மை, தலைகீழாக.

#15 மெழுகுவர்த்தி

அயர்லாந்தில் நடந்ததற்கு இயக்கத்தின் பேராசையும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இல்லாத ஆபத்துக்கு அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அமெரிக்காவில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே இந்தச் சண்டை பல வருடம் ஓடியது. முழுத் தடை ஒரே அடியில் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், பெற்றோர் சம்மதம், காத்திருப்பு நேரம், வார வரம்பு என்று படிப்படியாகப் போவோம் என்பவர்கள் மறுபக்கம். ஜெயித்தது இரண்டாவது கூட்டம். மிசிசிப்பியின் 15 வாரச் சட்டமும் அவர்கள் பாணிதான்.

போலந்து பற்றித் தேன்சிட்டு எழுதுவாரா? அங்கே என் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது.

#16 தேன்சிட்டு

போலந்து, சுருக்கமாக. 2016-இல் கையெழுத்து இயக்கம் நடத்தி, கிட்டத்தட்ட முழுத் தடை கோரும் மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 3 அன்று பெண்கள் கறுப்பு உடையில் வேலையைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். மூன்றே நாளில் ஆளுங்கட்சி பின்வாங்கியது, 352-க்கு 58 என்று மசோதா விழுந்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஆளுங்கட்சி எம்.பி.க்கள் அரசியல் சாசனத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2020 அக்டோபர் 22-இல், கருவில் கடுமையான குறைபாடு இருந்தாலும் கலைக்கக் கூடாது என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அதுவரை சட்டப்படி நடந்த கருக்கலைப்புகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் காரணத்தால் நடந்தவை. கொரோனா காலத்திலும் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அரசு மூன்று மாதம் தீர்ப்பை வெளியிடாமல் இழுத்தது, 2021 ஜனவரியில் வெளியிட்டது. நாடாளுமன்றத்தில் எம்.பி.க்களைப் பின்வாங்க வைத்த அதே கூட்டத்தால் தீர்ப்பாயத்தை அசைக்க முடியவில்லை.

2023 தேர்தலில் அந்த அரசு பெரும்பான்மையை இழந்தது, பெண்களின் கோபத்துக்கு அதில் பங்குண்டு. இருந்தும் 2024 ஜூலையில், கருக்கலைப்புக்கு உதவுவதைக் குற்றமில்லை என்றாக்கும் மசோதா 215-க்கு 218 என்று தோற்றது. புதிய கூட்டணிக்குள்ளேயே ஒரு பழமைவாதக் கட்சி இருக்கிறது. ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய அடி.

#17 வால்நட்சத்திரம்

இந்த இழையை வாசித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். எல்லோரும் சட்டம், தேர்தல் என்றே பேசுகிறீர்கள். கிளினிக் வாசலில் நின்று ஜெபிப்பவர்கள், உள்ளே போகும் பெண்களிடம் பேசுபவர்கள் எல்லாம் எந்தக் கணக்கில் வருவார்கள்? அவர்கள் குறி அந்த ஒரு பெண்ணின் முடிவுதானே தவிர அரசுக் கொள்கை இல்லையே.

#18 சட்டப்பித்தன்

நல்ல கேள்வி. அமெரிக்க நீதிமன்றமே இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் கிளினிக் வாசலைச் சுற்றி 35 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. 2014-இல் மெக்கல்லன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். வழக்குப் போட்டவர்கள் கத்துபவர்கள் அல்ல, அமைதியாகப் பக்கத்தில் நின்று பேச விரும்புபவர்கள், அந்தப் பேச்சுக்கு அருகாமை தேவை என்றது நீதிமன்றம்.

பிரிட்டன் நேர் எதிராகப் போயிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 31 முதல் கிளினிக்கைச் சுற்றி 150 மீட்டருக்குள் ஒருவரின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வதே குற்றம். அங்கே போராட்டக்காரர்கள் சிறு கூட்டம்தான். ஆனால் அவர்களால் ஒரு புதுச் சட்டமே வந்தது, தேன்சிட்டு சொன்ன ஃபேஸ் சட்டக் கதை மாதிரிதான்.

#19 மெழுகுவர்த்தி

வால்நட்சத்திரம் கேட்டதற்கு இன்னொரு பதிலும் உண்டு. ஜியாட் மன்சன் என்ற சமூகவியலாளர் இந்த இயக்கத்தின் தொண்டர்களைப் பேட்டி எடுத்து ஆராய்ந்தார். தீவிரக் கொள்கை இருப்பதால்தான் ஒருவர் போராட வருகிறார் என்று நாம் நினைக்கிறோம். அவர் கண்டது வேறு. கணிசமானவர்கள் ஒரு நண்பரோ தேவாலயத்துக்காரரோ கூப்பிட்டதால் வந்தவர்கள். வரும்போது தெளிவான நிலைப்பாடு இல்லை, சிலர் கருக்கலைப்பு உரிமையைக்கூட ஆதரித்தவர்கள். வந்து நின்ற பிறகுதான் கொள்கை இறுகியது.

ஆகவே வாசலில் நிற்பது, ஜனவரிக் குளிரில் பஸ் பிடித்து வாஷிங்டன் போவது எல்லாம் ஆள் உருவாக்கும் பட்டறை. அந்தப் பஸ்ஸில் ஒன்றாகப் போன கல்லூரிப் பிள்ளைகள் பத்து வருடம் கழித்து எம்.பி.யின் உதவியாளராக, வக்கீலாக, கட்சிப் பொறுப்பாளராக வந்து நிற்பார்கள். #12-இல் சொன்ன அந்தப் "பத்துப் பேர்" வானத்திலிருந்து குதிப்பதில்லை.

#20 கணக்கன்

பட்டறை வாதம் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் கொள்கை மாறினால் நோக்கம் நிறைவேறியதா என்பது தனிக் கணக்கு. டாப்ஸுக்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏறக்குறைய முழுத் தடை வந்தது. அப்படியிருந்தும் கருக்கலைப்புத் தரவுகளைத் தொகுக்கும் கட்மாக்கர் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டின. பத்து வருடத்துக்கும் மேலாக இல்லாத உயரம். அதில் 63 சதவீதம் மாத்திரை மூலம். தடை இருக்கும் மாநிலத்துப் பெண் பக்கத்து மாநிலம் போகிறாள், அல்லது மாத்திரையைத் தபாலில் வாங்குகிறாள். அனுப்பும் மருத்துவரை நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டுப் பாதுகாக்கின்றன.

இரண்டுக்கும் வழியில்லாத பெண்கள்தான் முழு பாரத்தையும் சுமக்கிறார்கள். ஹைட் திருத்தத்தால் உரிமை எட்டாமல் போனதாக #4-இல் சொன்ன, கையில் காசில்லாத அதே பெண்கள்.

#21 கரிகாலன்77

மாத்திரை தபாலில் வருகிறது என்றால் மறியல் எங்கே செய்வது, தபால்காரர் முன்னாலா?

#22 சட்டப்பித்தன்

சிரிக்காதீர்கள், அவர்களின் அடுத்த சண்டையே அதுதான். மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு எதிராகச் சில மருத்துவர் அமைப்புகள் போட்ட வழக்கை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. மாத்திரை சரி என்று சொல்லவில்லை, இந்த வழக்கைப் போட உங்களுக்குத் தகுதியில்லை என்றது. அதனால் வேறு ஆள் வேறு வழக்கோடு வரலாம். ஆபாசப் பொருள்களைத் தபாலில் அனுப்பத் தடை போட்ட 1873-ஆம் வருட காம்ஸ்டாக் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்கலாம் என்றும் யோசனை ஓடுகிறது. கருக்கலைப்புக்கான பொருள்களும் அதில் வரும்.

#23 நிலவன்

எல்லோருக்கும் நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. கடைசியாக ஒன்று. நாற்பது வருடம் இந்த வாக்குகளை நம்பி வளர்ந்த கட்சி, ரோ ரத்தான பிறகும் அவர்கள் சொல்பேச்சைக் கேட்கிறதா?

#24 சட்டப்பித்தன்

2024 ஜூலையில் வந்த குடியரசுக் கட்சித் தேர்தல் அறிக்கையைப் பாருங்கள். நாடு தழுவிய தடை கோரும் வாசகம் பல பத்தாண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் அறிக்கைகளில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதினார்கள். கன்சாஸும் ஒஹாயோவும் கொடுத்த பயம். இயக்கத் தலைவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் எங்கே போவார்கள்? எதிர்க்கட்சி அவர்களைச் சேர்க்காது. தேர்தலில் வாக்கும் வழக்கம்போல விழுந்தது.

ஜெயித்து வந்ததும் டிரம்ப் 2025 ஜனவரி 23 அன்று, ஃபேஸ் சட்டத்தில் தண்டனை பெற்ற 23 பேருக்கு மன்னிப்பு கொடுத்தார். மறுநாள் பேரணி. துணை அதிபர் வான்ஸ் நேரில் வந்து பேசினார், டிரம்ப் வீடியோ அனுப்பினார். தேசியத் தடை பற்றி ஒரு வாக்குறுதியும் தரவில்லை. கூட்டம் கைதட்டியது.

#25 கரிகாலன்77

அந்த 23 பேருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அது சின்ன விஷயமாக இருந்திருக்காது. ஆனால் ஃபேஸ் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்து வரும் அதிபர் நினைத்தால் மறுநாளே வழக்குப் போடலாம்.